வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களும் சுதேசிக் கப்பற் கம்பெனியும்

வாணிகம் செய்வார் இருதிறத்தினர். அன்றன்று மாலையிற் பெட்டியைத் திறந்து எண்ணி, அவ்வெண்ணிக்கையையே தம் ஊதியமெனக் கொள்வோர் ஒருதிறத்தினர். இன்றைப் பெட்டி குறைந்தாலும் பத்தாண்டு கழித்துத் தம் கடை எந்நிலையில் நிற்கும் என நோக்கி முதலிடுவோர் மற்றொரு திறத்தினர். முன்னவரைக் குறுநோக்கினர் என இகழ்ந்து பின்னவரை நெடுநோக்கினர் எனப் புகழ்தல் மேடையில் எளிது. ஆயின் மாலையிற் பெட்டி ஒழிந்து கிடக்குமாயின் மறுநாட் காலையிற் கடை திறப்பது யாங்ஙனம்? பத்தாண்டு நிற்க விரும்புவோன் இந்தத் திங்களைக் கடந்தாக வேண்டுமன்றோ? இவ்வினாவிற்கு விடை ஏட்டில் எளிதாகக் கிடைப்பதன்று; வாழ்ந்தார் வாழ்க்கையில் தேடிக் காணத்தக்கது. அதுபற்றியே, எல்லோரும் பெயரறிந்தவரும் சிலரே கணக்கறிந்தவருமாகிய ஒரு பெரியாரின் சரித்திரத்தை இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

அப்பெரியார் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். செக்கிழுத்த செம்மலென்றும் கப்பலோட்டிய தமிழரென்றும் நம் சிறார் பாடப்புத்தகத்திற் படிக்கின்றனர். யாமும் பல்லாண்டாக வகுப்பில் அவ்வாறே சொல்லி வருகின்றோம். செக்கின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் கலங்குவர். கப்பலின் கதையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவர். ஆயினும் அக்கப்பற் கம்பெனி எவ்வளவு முதலில் எழுந்தது, யாது காரணத்தால் வீழ்ந்தது என்று கேட்கும் மாணாக்கரைக் காண்டல் அரிதாயிருக்கின்றது. வானகரம், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலாய இப்பக்கங்களிற் கடையும் பட்டறையும் வைத்துப் பிழைக்கும் நம் சங்கத்துக் குடும்பத்தார்க்குச் செக்கின் கதையினும் கணக்கின் கதையே மிகவும் வேண்டப்படுவது எனக் கருதுகின்றோம். ஆதலின் அதனையே விரித்துரைத்து ஏனையவற்றைச் சுருக்குவோம்.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் திருநெல்வேலி ஜில்லா ஓட்டப்பிடாரத்திற் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மையார். தாமும் தந்தையார் வழிச்சென்று 1894ஆம் ஆண்டிற் பிளீடர்ப் பரீட்சை தேறி ஊரிலேயே தொழில் தொடங்கினார். ஏழைகளுக்காகப் போலீசாரை எதிர்த்து வழக்காடுதல் அவர் வழக்கமாயிற்று. தந்தையாரோ வழக்கும் வருமானமும் பார்த்து வாழ்ந்தவர். மகன் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொள்வது அவர்க்கு அச்சம் விளைத்தது. ஆகவே 1900ஆம் ஆண்டில் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார். பகையினின்று விலக்க எண்ணி அவர் மகனை அனுப்பிய ஊரே பின்னர்ப் பெரும்பகை விளைந்த களமாயிற்று.

அக்காலத் தூத்துக்குடியின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். இலங்கைக்குச் செல்லும் தென்னாட்டாருக்கு அதுவே தலைவாயில். தேயிலைத் தோட்டத்திற்குக் கூலிக்குச் செல்வோர், கொழும்பிற் கடை வைத்திருப்போர், அரிசியும் துணியும் கருவாடும் ஏற்றுவோர் எல்லோரும் அங்கே கப்பலேறுவர். கப்பலோ ஒரே கம்பெனியின் கப்பல். 1856ஆம் ஆண்டிற் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்குமிடையே தபால் கொண்டுசெல்லத் தொடங்கி, நாளடைவில் இந்துமாக்கடல் முழுதும் பரந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி அது. தூத்துக்குடியில் அதற்கு ஏஜெண்டுகளாயிருந்தோர் ஏ. அண்டு எப். ஹார்வி என்னும் வெள்ளைக்காரக் கம்பெனியார். கோரல் மில் என்னும் நூற்பாலையும் அவர்கள் கையிலேயே இருந்தது. ஊரின் ஆலையும் கப்பலும் ஒருவர் கையில் என்றால் ஊரின் கூலியும் கட்டணமும் அவர் வாயிற் சொல்லே என்பது சொல்லாமலே விளங்கும்.

1905ஆம் ஆண்டு வங்காளப் பிரிவினையால் எழுந்த சுதேசி இயக்கம் தென்கோடியையும் எட்டியது. பிள்ளையவர்கள் முதலிற் கப்பலை எண்ணினாரல்லர். சுதேசியப் பிரசார சபை, தரும சங்க நெசவுச்சாலை, சுதேசியக் கூட்டுறவுப் பண்டகசாலை என்று சிறியனவாகவே தொடங்கினார். நெய்த துணியை விற்கவும் விளைந்த பொருளை அனுப்பவும் தலைப்பட்டபோதே கடல்வழி பிறர் கையில் இருப்பது உறைத்தது. எத்துணைப் பொருள் விளைத்தாலும் அதனை ஏற்றிச் செல்லும் வண்டி மாற்றான் வண்டியாயின் விலையை வகுப்பவன் மாற்றானே. இன்று நம் அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் எவரைக் கேட்டாலும் இவ்வுண்மையைத் தம் அனுபவத்தாற் சொல்வர்.

1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவுசெய்யப்பெற்றது. முதல் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். ஒரு பங்கின் விலையை 25 ரூபாயென வைத்தது கவனிக்கத்தக்கது. செல்வர் சிலரிடம் மட்டும் முதல் திரட்ட எண்ணியிருப்பின் பங்கின் விலையை நூறாகவோ ஆயிரமாகவோ வைத்திருப்பர். சிறு வணிகனும் பள்ளி ஆசிரியனும் ஒரு பங்காவது வாங்கிக் கம்பெனிக்கு உடையவனாதல் வேண்டுமென்பது இதன் கருத்து. ஆயினும் பெருந்தொகை பெரியோரிடமிருந்தே வந்தது. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பார் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்துக் காரியதரிசியானார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901ஆம் ஆண்டில் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவரானார்கள். தமிழ் வளர்த்த கையே கப்பலுக்கும் கொடுத்தது என்பதைத் தமிழ்ப் பண்டிதராகிய யாம் சிறிது செருக்கோடே எழுதுகின்றோம். பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி. பெயர் உதவிக் காரியதரிசியே. உழைப்பு முழுதும் அவருடையது.

கம்பெனியின் நோக்கங்களாக வெளியிடப்பெற்றவற்றை நோக்குவார்க்கு வியப்புண்டாகும். தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்குவது அவற்றுள் ஒன்று மட்டுமே. நம்மவர்க்கும் ஏனை ஆசியத்தார்க்கும் கப்பலோட்டவும் கப்பல் கட்டவும் பயிற்றுதல், அதற்கென்று பாடசாலை அமைத்தல், கப்பல் கட்டும் துறை ஏற்படுத்தல் என்பனவும் அதில் உண்டு. ஒரு கப்பல்தானும் சொந்தமாக இல்லாத நாளில் எழுதிய நோக்கங்கள் இவை! ஒரு தலைமுறையில் முடியாத வேலையை முதற் பத்திரத்திலேயே எழுதிவைத்தவரை நெடுநோக்கினர் என்னாது வேறு யாதென்பது?

தொடக்கத்திற் பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் கப்பலை வாடகைக்குப் பேசி ஓட்டினர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் சும்மா இருப்பரோ? அக்கப்பலுடையாரை நெருக்கினர்; அவரும் கப்பலைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையவர்கள் உடனே கொழும்பிற்குச் சென்று வேறொன்றை வாடகைக்குக் கொணர்ந்து ஓட்டம் நில்லாமற் காத்தார். ஆயின் அதற்குள் ஒரு பாடம் அவர்க்குத் தெளிவாகிவிட்டது. வாடகைக் கப்பலில் முதலீடு குறைவு, நட்டம் வந்தால் விட்டு விலகலாம். ஆயின் அவ்வெளிமையே அதன் குறை. நாம் எளிதில் விடக்கூடியதை நம்மிடமிருந்து பறிப்பதும் பிறர்க்கு எளிது.

இஃது அவர்க்கு முன்னரே ஒருவர் கண்ட பாடமுமாகும். 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா அவர்கள் கீழைநாடுகளுக்கு நூல் ஏற்றுவதில் பி. அண்டு ஓ. கம்பெனியின் கட்டணம் மிகுதியென்று தாமே கப்பல்களை வாடகைக்குப் பேசி ஒரு லைன் தொடங்கினார். பெருங்கம்பெனியார் டன் ஒன்றுக்கு 19 ரூபாயாக இருந்த கட்டணத்தை இரண்டு ரூபாய்க்கும் குறைவாக இறக்கினர். டாட்டாவோடு நிற்பதாகச் சொன்ன வணிகர் ஒவ்வொருவராக அப்பாற் சென்றனர். சில திங்களில் டாட்டா லைன் மறைந்தது. அவர்க்கு ஆலைகள் இருந்தன; ஆதலின் அத்தோல்வியைத் தாங்கினார். பிள்ளையவர்கட்கோ கப்பலன்றி வேறில்லை.

சொந்தக் கப்பல் வாங்கப் பிள்ளையவர்கள் வடநாடு சென்றார். அப்போது மனைவியார் மீனாட்சி அம்மையார் கருவுற்றிருந்தனர் என்றும், மூத்த மகன் நோயுற்றிருந்தான் என்றும், கப்பலின்றித் திரும்பேன் என்று பிள்ளையவர்கள் உறுதிபூண்டு சென்றாரென்றும் அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1907ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினின்று வாங்கிய எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல்வகுப்பில் 42 பேரும் இரண்டாம் வகுப்பில் 24 பேரும் சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். ஊர் திருவிழாக் கோலம் பூண்டது. பாரதியார் தம் இந்தியா பத்திரிகையில் இம்முயற்சியைக் கொண்டாடி எழுதினார்.

இனிக் கட்டணப் போரைச் சொல்வோம். இதுவே இச்சரித்திரத்தின் நடுநாடி. சுதேசிக் கப்பலில் கூட்டம் சேர்வதைக் கண்டு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் ஆளொன்றுக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கினர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக இறக்கினர். உடனே அவர்கள், கட்டணமே வேண்டா, ஏறிக்கொள்ளுங்கள் என்றனர். ஏறினவர்க்கு ஒரு குடையும் இனாமாகக் கொடுத்தனர்!

கப்பலேறிக் குடையும் வாங்கிச் செல்லும் வணிகத்தை உலகில் யார் கண்டார்? ஒரு நாட்கணக்கு எழுதினால் இஃது அறிவிலார் செய்கை. நிலக்கரிக்குச் செலவு, மாலுமிக்குச் சம்பளம், துறைமுகத்திற்கு வரி, மேலும் குடைக்கு விலை, வரவோ சூனியம். ஆயினும் அவர் கணக்கு நாட்கணக்கன்று. உலகெங்கும் நூற்றை ஒட்டிய கப்பல்கள் ஓட்டும் கம்பெனிக்கு ஓரிரவுப் பயணமாகிய கொழும்பு வழியில் வரும் நட்டம் அதன் பேரேட்டில் ஒரு வரி. இரண்டே கப்பலுடைய சுதேசிக் கம்பெனிக்கு அவ்வரியே பேரேடு. எதிரி மாயும்வரை நட்டம். மாய்ந்தபின் கட்டணத்தை வேண்டியவாறு ஏற்றிக் குடையின் விலையையும் வட்டியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே, இனாம் என்று கண்ணுக்குத் தோன்றியது நெடுங்கணக்கிற் கடனேயாம். கொடுத்தவன் அறிந்து கொடுத்தான். பெற்றவன் அறியாது பெற்றான்.

இவ்விடத்தில் நம்மவர் பலர் குடை வாங்கியவர்களைத் தூற்றுவதுண்டு. யாம் தூற்றோம். தோட்டத்திற்குக் கூலிக்குப் போகும் ஏழைக்கு எட்டணா என்பது எத்தனை நாட்கஞ்சி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டுப்பற்றின் விலையை ஏழையின் முடிச்சிலிருந்தே வாங்க நினைத்தல் முறையன்று. ஆயின், பங்கு வாங்கியிருந்தும் தம் சரக்கை மட்டும் மலிவான கப்பலில் ஏற்றியோர் இருப்பாராயின் அவரைப்பற்றி யாம் வேறு கருத்துடையோம்.

சுதேசிக் கம்பெனியார் எட்டணாவிற்கு இறங்கியது தக்கதோ என்பதும் ஒரு வினா. வலியோன் எடுத்த படைக்கலத்தையே எளியோனும் எடுத்தால் வெல்வது வலியோனே. குறைத்த கட்டணத்தில் எத்தனை ஓட்டம் தாங்கும் என்று முன்னரே கணித்து, அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தாலன்றி அப்போரிற் புகுதல் ஆகாது. திரண்ட முதலோ கப்பல் வாங்குவதிலேயே முடங்கிவிட்டது. இறங்காதிருந்தாலோ கப்பல் வெறுமனே மிதந்திருக்கும். இரண்டும் இடர்ப்பாடே. எட்டணாவிற்குப் பதிலாக, தூத்துக்குடி வணிகரிடம் ஆண்டுக்கணக்கிற் சரக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கி அதன்மேற் கப்பலை ஓட்டியிருக்கலாம் என்பது எம் கருத்து. நூறாண்டு கழித்துக் கரையிலிருந்து சொல்வது எளிது என்பதையும் உடனே சொல்லிவிடுகின்றோம்.

சென்ற திங்கட் சங்கக் கூட்டத்தில், வானகரத்தில் மளிகைக் கடை வைத்துள்ள ஓர் அன்பர் எம்மை வினவினார். கைப்பேசியில் அழுத்தினாற் பத்து நிமிடத்திற் பொருளை வீட்டிற் கொண்டுவந்து கொடுக்கின்றனர். கொண்டுவரும் கூலியும் இல்லை. விலையும் எம் கொள்முதலினும் குறைவு. இவர்கள் எப்படிப் பிழைப்பர், யாம் எப்படிப் பிழைப்பது என்றார். அவர்கள் இந்நாளிற் பிழைக்க வேண்டியதில்லை, முதலிட்டோர் தரும் பணத்திற் பல்லாண்டு நட்டத்தைத் தாங்குவர் என்று விடை கூறி, இக்குடைக் கதையையே அவர்க்குச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த மற்றோர் அன்பர், குடையின் விலையை வாங்கிக்கொள்வது எப்போது என்று கேட்டார். கூட்டத்தில் நகைப்பெழுந்தது, மளிகைக் கடை அன்பர் நகைக்கவில்லை. மாதாந்தரக் கணக்கில் வாங்கும் குடும்பங்களைத் தழுவிக்கொண்டு, எல்லாப் பொருளிலும் விலைப்போருக்குச் செல்லாமல், கடன் நயத்தையும் பொருளின் தரத்தையும் காப்பது ஒரு வழி என்று முடிவிற் பலரும் கூறினர். அது போதுமோ போதாதோ, காலமே காட்டும்.

நிற்க, தூத்துக்குடிக்குத் திரும்புவோம். போட்டி கம்பெனியோடு மட்டும் நிற்கவில்லை. சுங்கச் சோதனை, மருத்துவச் சோதனை என்று அதிகாரிகளும் சுதேசிக் கப்பலுக்கு இடையூறு பல செய்தனர். பிள்ளையவர்களோ கப்பலும் அரசியலும் ஒன்றே என்னும் கொள்கையினர். கம்பெனி நிர்வாகிகளுட் சிலர், அவர் மேடைப்பேச்சை விட்டுக் கப்பலை மட்டும் கவனித்தல் வேண்டுமென விரும்பினர். முதலிட்டோர்க்கு அச்சம் இயல்பே. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவம் அவர்களும் முன்னின்றனர். தொழிலாளர் கூலியுயர்வும் வார ஓய்வும் பெற்று வென்றனர். ஆலையும் எதிரிக் கப்பலின் ஏஜென்சியும் ஒரே ஹார்வி கையிலிருந்தன என்று முன்னரே சொன்னோம். ஆதலின் ஓரடி ஈரிடத்தும் பட்டது. பட்டவன் திருப்பியடிக்க நெடுநாள் ஆகவில்லை.

விபின சந்திர பாலர் சிறையினின்று விடுதலையானதைக் கொண்டாடியதை முன்னிட்டு, 1908 மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் பிள்ளையவர்கள் சிறைப்படுத்தப்பெற்றார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே என்பார் ஆயுட்கால நாடுகடத்தல் இரண்டினை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்குமாறு விதித்தார். கூட்டினால் 40 ஆண்டு! ஹைகோர்ட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தது இக்காலத்தே. அதனைப் பிறர் நன்கு எழுதியுள்ளாராதலின் யாம் விரித்திலம்.

கம்பெனிக்கு வருவோம். அது பல தூண்கள்மேல் எழுந்த மண்டபம்போலத் தோன்றினும் உண்மையில் ஒற்றைத்தூண் மண்டபமே. தூணைப் பெயர்த்தார்கள், கூரை இறங்கிற்று. பங்குதாரர் அஞ்சினர்; புதிய பணம் வரவில்லை; கட்டணப் போரின் நட்டம் கழுத்தை நெரித்தது. 1911ஆம் ஆண்டிற் கம்பெனி கலைக்கப்பெற்றது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. எக்கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ அக்கம்பெனிக்கே காலியாக் கப்பலை விற்றனர். விடுதலையாகி வந்த பிள்ளையவர்களைக் கண்ட பாரதியார், சில காசுக்காக மாற்றானிடம் விற்பதினும் அக்கப்பலை உடைத்துக் கடலில் எறிந்திருக்கலாமே என்று மனம் வெதும்பியதாகப் பிள்ளையவர்களே எழுதி வைத்துள்ளார். கவிஞர் சொல்வது மானத்தின் கணக்கு. கலைத்தோர் பார்த்தது பங்குதாரர்க்கு ரூபாயில் எத்தனை அணா திரும்பும் என்னும் கணக்கு. 25 ரூபாய் போட்ட ஏழைப் பங்குதாரனை நினைக்குமிடத்து அவர்களை முற்றும் பழிக்க எம்மால் இயலவில்லை. ஆயினும் வாங்குவார் வேறொருவரைத் தேடச் சில திங்கள் பொறுத்திருக்கலாகாதா என்னும் எண்ணம் எழாமலும் இல்லை.

இனி ஒப்புநோக்கிற்கு வடநாட்டுச் சிந்தியாக் கம்பெனியைச் சொல்வோம். வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் முரார்ஜி முதலியோர் 1919ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். எஸ். எஸ். லாயல்டி என்னும் அவர்தம் கப்பல் அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பம்பாயிலிருந்து இங்கிலாந்திற்குப் புறப்பட்டது. அந்நாளையே இந்தியாவின் தேசியக் கடல்வாணிக நாளாகக் கொண்டாடுகின்றனர். தூத்துக்குடிக் கப்பல்கள் அதற்குப் பன்னிரண்டாண்டு முன்னரே ஓடின என்பதை யாம் ஆண்டுதோறும் ஏப்ரலில் வகுப்பிற் சொல்லுவதுண்டு; அது கிடக்க.

சிந்தியாவின் எதிரியும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியே. ஆண்டும் கட்டணப் போர் நிகழ்ந்தது. அதனோடு மற்றொரு சூழ்ச்சியும் இருந்தது. பெருங்கம்பெனியார் வணிகன் கொடுத்த கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்வர். ஆயின் உடனே தாரார். குறித்த காலம் முழுதும் வேறு கம்பெனியில் ஒரு மூட்டையும் ஏற்றாதிருந்தால்தான் அது கிடைக்கும். ஒருமுறை மாறினாலும் சேர்ந்த தொகை முழுதும் போம். வணிகனின் குறுநோக்கைக் கொண்டே அவனை நெடுங்காலம் கட்டிவைக்கும் கயிறு இது. சிந்தியாவார் இக்கயிற்றை அறுக்கச் சட்டசபையில் ஒருபால் வாதாடினர். மற்றொருபால் 1923ஆம் ஆண்டில் அவ்வெதிரியோடே பத்தாண்டு உடன்படிக்கை செய்து, தம் ஓட்டத்திற்கு எல்லை வகுத்ததற்கும் இசைந்தனர். அன்று பலர் இதனைத் தோல்வி என்றனர். எல்லை வகுத்த அப்பத்தாண்டும் கம்பெனி உயிரோடிருந்தது. 1941இல் விசாகப்பட்டினத்திற் கப்பல் கட்டும் துறைக்கு அடிக்கல் நாட்டினர். 1948இல் ஜல உஷா என்னும் பெருங்கப்பல் அங்கிருந்து நீரில் இறங்கியது. தூத்துக்குடிப் பத்திரத்தில் 1906இல் எழுதிய நோக்கம் நாற்பத்திரண்டாண்டு கழித்து வேறொரு கம்பெனியின் கையால் வேறொரு கடற்கரையில் நிறைவேறியது. லாயல்டி என்னும் கப்பலோ 1923இலேயே உடைக்கப்பெற்றது. ஆங்கே கப்பல் மாய்ந்து கம்பெனி நின்றது. ஈங்கே கம்பெனி மாய்ந்து கப்பல் நின்றது, மாற்றான் துறையில்.

பிள்ளையவர்கள் அத்தகைய உடன்படிக்கைக்கு இசைந்திருப்பாரோ? இசையார் என்றே எமக்குத் தோன்றுகின்றது. அவர்க்குக் கம்பெனி ஒரு படைக்கலம்; வால்சந்தர்க்கோ அஃது ஒரு மரம். படைக்கலம் போரிற் பயன்பட்டு முறிவதற்கு உரியது. மரம் காற்றுக்கு வளைந்து நிற்பதற்கு உரியது. இருவரும் நெடுநோக்கினரே; ஒருவர் நோக்கியது நாட்டின் விடுதலை, மற்றவர் நோக்கியது நாட்டின் கப்பற்றொழில். பிள்ளையவர்களின் 25 ரூபாய்ப் பங்குதாரர் தாம் எதற்குப் பணம் போட்டோம் என்று அறிந்திருந்தனரோ என்பதே எம்மை உறுத்தும் வினா.

பிறிதொன்றும் உண்டு. 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே படகுத்தொடர்பு ஏற்பட்டு, ரெயிலும் சிறுகப்பலுமாகக் கொழும்பு செல்லும் வழி திறந்தது. தூத்துக்குடியிற் கப்பலேறிய பயணிகளில் மிகப்பலர் அவ்வழியே திரும்பினர். எட்டணாவிற்கும் குடைக்கும் போரிட்ட அவ்வழியின் பயணி வருமானம் அத்துணை ஆண்டே நிலைக்க இருந்தது என்பதை இரு கம்பெனியாரும் அன்று எண்ணிப் பார்த்திருப்பாரோ, அறியோம்.

1912ஆம் ஆண்டு டிசம்பரிற் பிள்ளையவர்கள் விடுதலையானார். ஊரார் திரண்டு வரவேற்றிலர். வக்கீல் சன்னதும் போயிற்று. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று குடிமாறி வாழ்ந்தார். நம் வானகரத்திற்குச் சில காதத்திற்குள் அவர் வறுமையோடு திரிந்த காலம் அது. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்க்கெனத் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்த 347 ரூபாய் 12 அணா, கடிதங்கள் பல எழுதியபின் 1916ஆம் ஆண்டில்தான் அவர் கைக்கு வந்தது. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியாற் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் கம்பெனியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரை வீட்டில் நாளும் அழைத்தார்.

தமிழுக்கு அவர் செய்ததை யாம் விட்டுச் செல்லுதல் முறையன்று. ஜேம்ஸ் ஆலன் நூலை மனம் போல வாழ்வு என்று தமிழாக்கினார். மெய்யறம், மெய்யறிவு என நூல்கள் இயற்றினார். திருக்குறளுக்கு உரை கண்டார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். இவற்றால் வந்த வருமானம் சிறிதே. கப்பல் போனபின் எஞ்சிய உழைப்பை, விற்பனை மெதுவாகவே நிகழும் பண்டமாகிய நூலில் அவர் இட்டார். இன்றும் இளம்பூரணத்தைக் கற்போர் உளர்.

கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் இறுதிக்காலத்தைக் கழித்து, 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர்நீத்தார். அதற்குச் சின்னாள் முன்னர் அவர் எழுதிய மரணசாசனத்தில், தாம் இன்னின்னார்க்குக் கொடுக்க வேண்டிய கடன்களைத் தனித்தனியே குறித்து வைத்தார். 10 லட்ச ரூபாய்க் கம்பெனியை எழுப்பியவர் குறித்த அப்பட்டியலில் ஜவுளிக் கடைப் பாக்கியும் எண்ணெய்க் கடைப் பாக்கியும் இருந்தன.